பயிரோடு பின்னிய பக்தி: யாங்கோன் புறத்துத் தமிழ் உழவர் வீடுகள்

(யாங்கோனில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை ஏற்படுத்திய குடும்பத்தார் தலைப்பைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை எனக்கே விட்டார்கள். பர்மாத் தமிழர் என்றதும் கப்பலும், வட்டிக்கடையும், 1942இல் இந்தியாவுக்கு நடந்தே போன பயணமும்தான் நினைவுக்கு வரும். அவற்றைப் பற்றிப் பலர் நன்றாகப் பேசியிருக்கிறார்கள். நான் பேச வந்தது தன்லின், சௌத்தான், துவாண்டே, பகோ பக்கத்து வயல்வெளிகளில் இன்றும் நெல்லும் உளுந்தும் போட்டுப் பிழைக்கிற தமிழ்க் குடும்பங்களைப் பற்றி. அந்த வீடுகளில் சாமி எந்தெந்த வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதே என் பொருள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மண்ணில் தமிழரின் வழிபாடு நிலைத்ததற்கு நகரத்துக் கோபுரங்கள் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், உழவர் வீட்டுப் பெண்கள் அதைப் பயிர் வேலையோடு பின்னி வைத்ததுதான். நாற்றங்கால், நடவு, அறுப்பு, களம், மாட்டுக்கொட்டில், அடுப்படி என்று எல்லாவற்றிலும் ஒரு முடிச்சு போட்டார்கள். நிலம் யார் பேரில் என்பது இந்த நாட்டில் எத்தனையோ முறை மாறிவிட்டது. அந்த முடிச்சுகள் அவிழவில்லை.

கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது. 1852 போருக்குப் பின் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்பும் வழி சுருங்கியது. ஐராவதிக் கழிமுகத்தின் காடும் சதுப்பும் ஒரு தலைமுறைக்குள் வயலாயின. வயலைத் திருத்தப் பணம் வேண்டியிருந்தது. அதைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். ரங்கூனின், அதாவது யாங்கோனின், முகல் தெருவில், இன்றைய ஷ்வேபொன்தா தெருவில், அவர்களுடைய கோயிலில் கூடித்தான் நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். பேரேட்டில் தண்டாயுதபாணிக்கும் ஒரு கணக்கு உண்டு. கோயிலுக்கு ஒதுக்கும் மகமை அதில் ஏறும். வட்டியையும் விபூதியையும் ஒரே கூரையின் கீழ் வைத்த அந்த ஏற்பாட்டை இன்றைய கண்ணால் பார்த்து நகைப்பது எளிது. சொன்ன சொல்லுக்குத் தெய்வத்தைச் சாட்சி வைத்தவர்கள் அவர்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

பிறகு 1930களின் பெருமந்தம் வந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே போனது. கடனைக் கட்ட முடியாத பர்மிய உழவரின் நிலம் கடன் கொடுத்தவரிடம் வந்து சேர்ந்தது. நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்தது சுமார் 5 லட்சத்து 70 ஆயிரம் ஏக்கர், அதாவது நூற்றில் 6 பங்கு. 1937இல் அது 24 லட்சம் ஏக்கரைத் தாண்டி நூற்றில் 25 பங்கானது. வேண்டிப் பெற்ற நிலமல்ல அது. வாராக் கடனுக்கு ஈடாக வந்த நிலம். ஆனாலும் நிலத்தை இழந்தவனின் கோபம் நிலத்தைப் பெற்றவனின் மொழியைப் பேசுகிற எல்லார் மேலும் விழுந்தது. கூலிக்கு அறுக்க வந்த தமிழனும் அதற்குத் தப்பவில்லை.

அந்தக் கூலித் தமிழனைப் பற்றித்தான் நமக்கு அதிகம் எழுதி வைக்கப்படவில்லை. தஞ்சாவூரிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் கப்பலேறி, ஒரு மேஸ்திரியின் கீழ் அறுப்புக்கு வந்தவன் அவன். அறுப்பு முடிந்ததும் சிலர் ஊர் திரும்பினார்கள், சிலர் ரங்கூன் ஆலைகளுக்குப் போனார்கள், இன்னும் சிலர் குத்தகைக்கு வயல் பிடித்து அங்கேயே குடிசை போட்டார்கள். யாங்கோன் அனவ்ரதா சாலைக் காளி கோயில் 1871இலேயே எழும்பிவிட்டது. வயற்காட்டுக் குடிசைக்காரனுக்கு அது ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கிற கோயில். அன்றாடம் அவன் கும்பிட்டது வரப்போரத்து மரத்தடியில் நட்ட ஒரு கல்லையும் சூலத்தையும். முனீஸ்வரன், அங்காளம்மன், மாரியம்மன், கருப்பர் என்று ஊரில் விட்டுவந்த காவல் தெய்வங்களை கடலுக்கு இக்கரையில் மறுபடி நிறுத்தினான்.

1941 டிசம்பர் 23இல் ரங்கூன் மேல் ஜப்பானியக் குண்டு விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்து போனார்கள். அது கதிர் அறுத்துக் களம் சேர்க்கிற மாதம். கொட்டிலில் மாடு, களத்தில் நெல், இடுப்பில் பிள்ளை என்றிருந்த குடும்பங்கள் பல நின்றுவிட்டன. விடுதலைக்குப் பின் 1948இலும் 1953இலும் வந்த நில தேசியமயச் சட்டங்கள் பெருநில உரிமையை முடித்துவைத்தன. 1962 ராணுவ ஆட்சிக்குப் பின் கடைகள் அரசுடைமையாயின. 1964இல் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாமல் போயின. சுமார் 3 லட்சம் இந்தியர் வெளியேறினார்கள். பத்திரம் வைத்திருந்தவர் போனார், பேரேடு வைத்திருந்தவர் போனார். குத்தகைக்கு உழுதவனுக்கு இழக்கப் பத்திரமும் இல்லை, திரும்பிப் போக ஊரில் ஒரு காணி நிலமும் இல்லை. அவன் நின்றான். அவனோடு மரத்தடிக் கல்லும் நின்றது.

தன்லின் பக்கம் பீலிக்கான் முனீஸ்வரரை இங்கே தெரியாதவர் இருக்க மாட்டார்கள். அங்காள ஈஸ்வரியும் முனீஸ்வரரும் அமர்ந்திருக்கிற அந்தத் தலத்தில் தீமிதிக்குக் கூடுகிற கூட்டத்தில் பர்மியரும் சீனரும் உண்டு. கப்பலேறிப் போனவர்கள் இந்தச் சாமியையும் மனத்தில் ஏற்றிக்கொண்டு போய் வடசென்னையில் குடிவைத்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து பர்மாவுக்குத் தெய்வம் வந்ததைப் பேசுகிறோம். பர்மா வயற்காட்டிலிருந்து சென்னைக்கு ஒரு தெய்வம் போனதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இனி வீட்டுக்குள் வருவோம். ஊரை விட்டு வந்த உழவனுக்கு முதலில் மாறிப்போனது மழை. தஞ்சாவூரில் ஆண்டு முழுவதும் பெய்கிற மழை ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர். யாங்கோனில் 2,700ஐ ஒட்டிப் பெய்யும். அங்கே ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்காலம். இங்கே வைகாசியில் தொடங்கி ஐப்பசியில் ஓய்ந்துவிடும். ஊரில் மாரியம்மனிடம் மழை கேட்டவர்கள், ஆடியில் மூன்று நாள் விடாமல் கொட்டி நாற்று முழுகும்போது, கொஞ்சம் ஓயட்டும் தாயே என்று கேட்க வேண்டியதாயிற்று. அதே அம்மன், அதே வேப்பிலை. வேண்டுதல் மட்டும் தலைகீழ். இதை யாரும் உட்கார்ந்து யோசித்து மாற்றவில்லை. வயல் மாற்றியது, வாய் அதன்படி சொன்னது. மழை குறைந்த நாட்டில் பிறந்த தெய்வத்தை மழை மிகுந்த நாட்டில் அர்த்தமுள்ளதாக வைத்திருந்தவர்கள் ஏட்டுப் படிப்பில்லாத பெண்கள் என்பதில் எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு.

சௌத்தான் பக்கம் ஒரு வீட்டில் நடவின் முதல் நாளைப் பார்த்திருக்கிறேன். விடியற்காலம், மழை. வீட்டு ஆத்தா ஈசானி மூலைக்குப் போனார். வரப்பு மேல் சாணத்தைப் பிடித்து வைத்து, அறுகம்புல்லைக் குத்தினார். வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம். கற்பூரம் அந்தச் சாரலில் நிற்கவில்லை. பேத்தி தன் தலையிலிருந்த பர்மிய மூங்கில் தொப்பியைக் கழற்றிக் கவிழ்த்துப் பிடித்தாள். அதன் நிழலில் சுடர் அரை நிமிடம் நின்றது. ஆத்தா மூன்று நாற்றை ஊன்றிவிட்டுத் திரும்பினார். நடவுக்கு வந்த பர்மியப் பெண்கள் அதுவரை சேற்றில் கால் வைக்காமல் வரப்பில் காத்து நின்றார்கள். அந்த வீட்டில் அதுதான் முறை என்று அவர்களுக்குத் தெரியும். பிறகு எல்லாரும் இறங்கினார்கள். இத்தனையும் நடந்து முடியக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மந்திரம் இல்லை, ஐயர் இல்லை. கேழ்வரகு எளிதில் கிடைக்காத ஊர் என்பதால், மதியம் வரப்புக்கு வந்த ஆடிக்கூழ் நொய்யரிசிக் கூழ்.

நடவு நடக்கும் அந்தக் காலத்தை பர்மியர் எப்படிக் கழிக்கிறார்கள் என்று பாருங்கள். வாசோ நிறைநிலாவில் தொடங்கி ததிங்யூட் வரை, ஏறக்குறைய ஜூலையிலிருந்து அக்டோபர் வரை, அவர்களுக்கு வசா காலம். பிக்குகள் மடத்தை விட்டு நகர மாட்டார்கள். வீடுகளில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். நமக்கு ஆடியில் கல்யாணம் இல்லை. இரண்டு சமயமும் தனித்தனியாகச் சொல்கிற காரணம் எதுவானாலும், அது நடவும் களையெடுப்பும் நடக்கிற காலம், வழியெல்லாம் சேறு, கையில் காசு இருக்காது. வேலை மிகுந்த காலத்தில் கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சொன்ன இரண்டு மரபுகள் ஒரே வரப்பின் இரு பக்கமும் இருந்ததால், ஒருவர் வழக்கம் மற்றவருக்கு விளங்காமல் போகவில்லை.

ஐப்பசி கார்த்திகையில் மழை விடுகிறது. தசௌங்டைங் நிறைநிலாவுக்கு பர்மியர் விளக்கேற்றுகிறார்கள். பல ஆண்டுகளில் அதே நிலவில்தான் நமக்குக் கார்த்திகை தீபம். வயலில் கதிர் முற்றியிருக்கும். அறுப்பு நவம்பர், டிசம்பரில். இங்கே ஒரு கூடை நெல் என்றால் 46 பவுண்டு. அரசின் கட்டாயக் கொள்முதல் நடந்த காலத்தில், ஏக்கருக்கு இத்தனை கூடை என்று குறைந்த விலைக்கு அளந்தே தீர வேண்டும். 2003இல்தான் அது ஒழிந்தது. அந்த ஆண்டுகளிலும் களத்தில் அளப்பதற்கு முன்னால் ஒரு மரக்கால் நெல்லைச் சாமிக்கென்று தனியே எடுத்து வைத்த வீடுகள் உண்டு. விளைச்சல் குறைந்து, அளவையும் கொடுத்து, சாப்பாட்டுக்கே வெளியில் அரிசி வாங்கிய ஆண்டிலும் அந்த மரக்காலில் கை வைக்கவில்லை என்று முதியவர்கள் சொல்லும்போது அவர்கள் குரலில் பெருமை இருக்கிறது. அந்தப் பெருமைக்கு அவர்கள் முழு உரிமையாளர்கள்.

பொங்கலுக்கு வருவோம். காவிரிப் படுகையில் தை என்றால் சம்பா அறுப்பை ஒட்டிய மாதம். இங்கே பொங்கல் வருவதற்குள் நெல் பத்தாயத்துக்கோ மண்டிக்கோ போய்விட்டிருக்கும். வயலில் நிற்பது உளுந்தும் பாசிப்பயறும். நெல் அறுத்த ஈரத்திலேயே விதைத்து, அடுத்த மழைக்கு முன் பிப்ரவரி, மார்ச்சில் பறித்துவிடுகிற பயிர். தஞ்சைப் பக்கமும் சம்பா தாளடியில் உளுந்து விதைப்பதுண்டு. அந்தக் கைப்பழக்கம் இங்கே நன்றாக உதவியது. ஆகவே சௌத்தான் பக்கத்து வாசலில் பொங்கல் பொங்கும்போது எதிரே பச்சை உளுந்து. கோலத்தின் நடுவே வைக்கிற மஞ்சள் கொத்தோடு, காய் பிடித்த உளுந்தஞ்செடி ஒன்றையும் வேரோடு பிடுங்கி வைக்கிறார்கள். சூரியனுக்கு நன்றி நெல்லுக்காக, வேண்டுதல் உளுந்துக்காக.

அந்த உளுந்து எங்கே போகிறது என்பது நம்மில் பலர் யோசிக்காத செய்தி. யாங்கோன் பயின்னவுங் மண்டி வழியாகக் கப்பலேறி இந்தியாவுக்குப் போகிறது. தமிழ்நாட்டில் அரைபடும் இட்லி மாவில் இந்த நாட்டு உளுந்துக்குப் பெரும் பங்கு உண்டு. 2017 ஆகஸ்டில் இந்திய அரசு பருப்பு இறக்குமதிக்கு அளவு கட்டியதும் இங்கே விலை சரிந்து, விதைத்த செலவு திரும்பாத குடும்பங்கள் தவித்தன. 2021இல் இரு நாட்டுக்கும் இடையே நடந்த உடன்பாட்டின்படி ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுதோறும் இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் வாங்குவதாக இந்தியா ஒப்புக்கொண்டது. தில்லியில் ஒரு கையெழுத்து தள்ளிப்போனால் சௌத்தானில் ஒரு பெண்ணின் காதுகுத்து தள்ளிப்போகும். முனீஸ்வரனிடம் வைக்கிற நேர்த்திக்கடனில் இப்போது மழையோடும் பூச்சியோடும் விலையும் சேர்ந்திருக்கிறது. இதைப் பக்தியின் வீழ்ச்சி என்று நான் நினைக்கவில்லை. குடும்பத்தை எது ஆட்டிவைக்கிறதோ அதைத்தானே சாமியிடம் சொல்ல முடியும்?

பர்மிய அண்டை வீட்டாரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பிப்ரவரி வாக்கில் தபோட்வே நிறைநிலாவில் அவர்கள் தமனே கிண்டுவார்கள். ஒட்டரிசி, தேங்காய், எள், நிலக்கடலை, இஞ்சி எல்லாம் போட்டுப் பெரிய சட்டியில் ஆண்கள் துடுப்பால் கிண்டி, முதலில் புத்தருக்குப் படைத்துவிட்டு ஊருக்குப் பங்கிடுவார்கள். அறுப்புக்குப் பின் புது அரிசியைத் தெய்வத்துக்குக் கொடுத்துவிட்டு உண்பது என்ற எண்ணம் நமக்கும் அவர்களுக்கும் பொது. தைப் பொங்கல் அந்தப் பக்கம் போகும். தமனே இந்தப் பக்கம் வரும். கழிமுகத்து பர்மிய உழவர் நெற்களத்தில் பொன்மாஜி என்ற பெண் தெய்வத்துக்குப் படைப்பார்கள். நம் ஆத்தாக்களுக்கு அவளை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாட்டிறைச்சி விஷயத்திலும் அப்படியே. உழுகிற மாட்டை உண்பது நன்றிகேடு என்று பர்மிய பிக்கு லெடி சயாதோ 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். இன்றும் பல பர்மிய உழவர் வீடுகளில் மாட்டிறைச்சி நுழைவதில்லை. மாட்டுப் பொங்கலன்று தமிழ் வீட்டுக் கொட்டிலில் கொம்புக்கு வண்ணம் பூசுவதைப் பார்க்கிற பர்மியப் பெரியவருக்கு அது அந்நியச் சடங்காகத் தோன்றுவதில்லை.

நான் பார்த்த ஒரு வீட்டின் சாமி மாடத்தைச் சொல்கிறேன். மேல் தட்டில் புத்தர். அதற்கு அடுத்த தட்டில் முருகன், மாரியம்மன், பீலிக்கான் முனீஸ்வரர் படங்கள். பக்கத்துத் தூணில் சிவப்புத் துணி கட்டிய தேங்காய். பர்மியர் வீட்டுக் காவலரான மின் மஹாகிரிக்கு உரியது. கீழே பழைய பிஸ்கட் டப்பா ஒன்று. அதற்குள் குடும்பத்தாரின் குடியுரிமை அட்டைகளும், 2012 விளைநிலச் சட்டப்படி கிடைத்த நிலச் சான்றான ஏழாம் எண் படிவமும். வீட்டில் கரையான் அண்டாத இடம் பீரோவாக இருக்கலாம், பெட்டியாக இருக்கலாம். அவர்கள் தேர்ந்தது சாமி காலடியை. 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் எந்த வகைக் குடியுரிமை, எந்த நிற அட்டை என்ற கேள்வியோடு வாழ்ந்த குடும்பம் அது. மூன்று தலைமுறையாக உழுத நிலத்துக்குத் தாள் கிடைத்த அன்று அதற்கு விபூதி பூசிக் கும்பிட்டார்கள். அந்தத் தாளின் ஓரத்தில் விபூதிக் கை பட்ட தடம் இன்னும் இருக்கிறது.

வயலில் இருக்கிற எல்லாத் தமிழரும் இந்துக்கள் அல்லர். கத்தோலிக்க உழவர் குடும்பங்கள் பிப்ரவரியில் ஞாங்லேபின் லூர்து மாதா திருவிழாவுக்குப் போகிறார்கள். அதுவும் நெல் வேலை முடிந்து கை ஓய்ந்த மாதம்.

2008 மே 2, 3இல் நர்கிஸ் புயல் அடித்தது. இறந்தவரும் காணாமல் போனவருமாக 1 லட்சத்து 38 ஆயிரம் பேர். யாங்கோன் பகுதியில் குன்ஜங்கோனும் சௌத்தானும் துவாண்டேயும் அடிபட்டன. மழைப் பயிருக்கு முந்திய வாரங்கள் அவை. வயலில் உப்புத் தண்ணீர் ஏறியது, விதைநெல் நனைந்தது, உழுகிற மாடும் எருமையும் செத்தன. தெய்வம் ஏன் இப்படிச் செய்தது என்ற கேள்விக்கு நான் கேட்ட விடை ஒன்றே ஒன்று: அதைக் கேட்க நேரமில்லை, நாற்று விட வேண்டியிருந்தது. சாய்ந்து கிடந்த கல்லையும் சூலத்தையும், கூரையைச் சரிசெய்வதற்கு முன்னாலேயே நிமிர்த்தினார்கள். மாடு போன இடத்தில் பவர் டில்லர் வந்தது. இப்போது மாட்டுப் பொங்கலன்று மாடில்லாத வீட்டில் அந்த எந்திரத்தைக் கழுவி, சந்தனம் வைத்து, கைப்பிடியில் மாலை போடுகிறார்கள். நகரத்தில் சிலர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். கழிமுகத்துச் சேற்றில் அதன் பின்னால் ஒரு நாள் நடந்து பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

இன்றைய கவலைக்கு வருகிறேன். வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், பள்ளியில் ஒரு பர்மியப் பெயர் என்று வளர்ந்த பிள்ளைகள் தமிழைக் கேட்டுப் புரிந்துகொள்கிறார்கள். பேசச் சிலர், படிக்க மிகச் சிலர். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவப் பணிச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின் இளைஞர்கள் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போவது கூடியிருக்கிறது. நடவுக்கு ஆளில்லை. நாற்றைப் பிடுங்கி நடுவதை விட்டு விதையை நேரே தெளிக்கிற வீடுகள் பெருகுகின்றன. தெளிப்பு விதைப்பில் நடவின் முதல் நாள் என்று ஒன்று கிடையாது. அப்படியானால் ஈசானி மூலைக் கும்பிடு எந்த நாளில்? சில வீடுகளில் விதை தெளிக்கிற காலைக்கு அதை மாற்றிக்கொண்டார்கள். சில வீடுகளில் விட்டுப்போயிற்று. மாற்றிக்கொண்ட வீடுகளில் எல்லாம் ஒரு பாட்டி உயிரோடு இருந்தார் என்பதைக் கவனித்தேன். ஆண்கள் கோயில் கமிட்டியில் இருக்கிறார்கள், தீமிதிக்குக் காப்புக் கட்டுகிறார்கள். எதை எந்த நாளுக்கு நகர்த்தலாம், எதை நகர்த்தக் கூடாது என்ற அறிவு அடுப்படியில் இருக்கிறது.

கோயில் கமிட்டிப் பெரியவர்கள் பலர் இங்கே அமர்ந்திருப்பதால் ஒன்றைக் கேட்கிறேன். கும்பாபிஷேக மலர் போடுகிறோம், கொடையாளர் படங்கள் போடுகிறோம். அதோடு சேர்த்து, உங்கள் கோயிலுக்கு உட்பட்ட உழவர் வீடுகளின் ஓராண்டு நடைமுறையை எழுதி வாங்குங்கள். எந்த நாளில் விதை, எந்தப் பூசை, யார் செய்தார், என்ன படைத்தார், பர்மிய வீட்டுக்கு என்ன போனது, அங்கிருந்து என்ன வந்தது. தமிழ் எழுதத் தெரியாத பேரப்பிள்ளை பர்மிய எழுத்தில் எழுதட்டும். கைபேசியில் பாட்டி பேசுவதைப் பதிவு செய்யட்டும். பெயர் வேண்டாம், வீட்டு எண் வேண்டாம், வழக்கம் மட்டும் போதும். சனி ஞாயிறில் கோயில்களில் தமிழ் கற்றுக்கொடுக்கிற ஆசிரியர்கள் அதையே பாடமாக வைக்கலாம். பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சொற்களிலிருந்து எழுத்தைக் கற்பார்கள். தன்லின், சௌத்தான் பக்கத்தில் இதை வருகிற வைகாசியில், நாற்றங்கால் வேலை தொடங்குமுன் ஆரம்பித்தால் பங்குனியில் உளுந்து பறிப்போடு ஒரு சுற்று முடிந்துவிடும். எழுதுவதற்கு ஆள் வேண்டுமென்றால் முதல் ஆண்டு நான் உடன் வருகிறேன்.